சவுனாவில் உட்கார்ந்த காலை உணவு

ஐலா மாட்டிலாவுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபத்தாறு வருடங்களாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். மிச்சிகனின் வடகோடியில், ஏரியிலிருந்து கிளம்பும் பனி மூட்டை மூட்டையாக வந்து கொட்டும் ஊர் அது. எவர் வீட்டுத் தபால் பெட்டி எந்தக் குவியலுக்குள் புதைந்திருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். இதுவரை ஒன்றைக்கூட இடித்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

அவளைக் குன்ற வைத்தது வேறொன்று. விவாகரத்துக்குப் பிறகு பதினொரு வருடமாக, கிறிஸ்துமஸ் காலையில் அவள் சாப்பிட்டது பெர்னிஸ் சால்மியின் மேசையில். பெர்னிஸ் நல்ல சிநேகிதி, அதைவிட நல்ல சமையல்காரி. ஆனால் போன வருடம், "பாவம், தனியா என்னத்தைத் தின்பா, அதான் கூப்பிட்டேன்" என்று அவள் தொலைபேசியில் யாரிடமோ சொன்னது ஐலாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குத் தட்டிலிருந்த ஹாம் இறைச்சித் துண்டை அவள் அப்படியே ஒதுக்கி வைத்தாள்.

இந்த டிசம்பர் தொடக்கத்தில், சர்ச்சில் காபி குடிக்கும்போது ஐலா அறிவித்தாள்: "கிறிஸ்துமஸ் அன்னிக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வர்றீங்க. ஒன்பது மணிக்கு."

பெர்னிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "உனக்கு அன்னிக்கு வேலை இருக்குமேடி."

"இருக்கட்டும். முந்தின நாளே செஞ்சு வச்சிருவேன். வந்ததும் அடுப்புக்குள்ள தள்ளிவிட்டாப் போதும்."

"லாரியாலதான தள்ளுவே?" என்றார் பெர்னிஸின் கணவர் ரெய்னோ.

ஐலாவோடு லாரி ஓட்டும் ரெமிக்கு முப்பது வயதுதான், வாய் மட்டும் பெரிது. "கவலைப்படாதே தலைவி, நான் வீட்லயே சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐலாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பை மனதில் குறித்து வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் பெர்னிஸ் அவளுக்கு இரண்டு நிசு ரொட்டி தருவாள். ஏலக்காய் போட்டு, சடை மாதிரி பின்னிச் சுட்டது. ஒற்றை ஆளால் இரண்டையும் தின்று தீர்க்க முடியாது. காய்ந்துபோனதைத் துண்டு போட்டு, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டுச் சுட்டால் பஞ்சு போல எழும்புகிறது என்பதை ஐலா தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். போன வருடம் மிஞ்சிய ரொட்டியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்து, பாலின் அளவைத் திருத்தி, நான்காவது முறை தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள். தொட்டுக்கொள்ள, ஆகஸ்டில் காட்டுப் புதர்களுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகப் பறித்துக் காய்ச்சிய சிவப்புத் திம்பிள்பெர்ரிப் பழ ஜாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை பெரிய கண்ணாடித் தட்டில் இந்த வருட ரொட்டியும் முட்டைப்பாலும் தயார். குளிர்பெட்டியில் இடமில்லை. அதனால் என்ன? நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த ஊரில் பின்வராந்தாதான் எல்லோருக்கும் இரண்டாவது குளிர்பெட்டி. பீர், பால், மான்கறி எல்லாம் அங்கேதான் இருக்கும். வெளியே மென்மையாகப் பனி விழுந்துகொண்டிருந்தது, அளவான குளிர். தட்டை அங்கே வைத்து மூடினாள். முற்றத்தில் தனியாக நின்ற, அடுப்பு வைத்த மரக் குளியலறையான சவுனாவில் விறகு போட்டு, பண்டிகைக் குளியல் முடித்துத் தூங்கப் போனாள்.

நாலு மணிக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, குளிரும் கடுமையாகியிருந்தது. லாரியில் ஏறியதும் ரேடியோவில் ரெமியிடம் சொன்னாள்: "ரோட்டுல உப்பு போடாதே, இந்தக் குளிருல பனி உருகாது. பூஜ்யத்துக்குக் கீழ பதினாலு. மணலைப் போடு."

இவ்வளவும் தெரிந்தவளுக்குத் தன் வீட்டு வராந்தா நினைவுக்கு வரவில்லை.

எட்டேகாலுக்கு வீடு திரும்பி மூடியைத் திறந்தாள். விரல் மடக்கித் தட்டினாள். கதவைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. உறைந்த கண்ணாடியைச் சூட்டடுப்பில் வைத்தால் வெடிக்கும். மைக்ரோவேவுக்குள் அந்தத் தட்டு நுழையாது. வேறு முட்டையும் இல்லை, ரொட்டியும் இல்லை. 'பாவம்' என்ற அந்த ஒற்றைச் சொல் கோட் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பது போல இருந்தது அவளுக்கு.

ஜன்னல் வழியே சவுனா தெரிந்தது. கூரையெல்லாம் வெள்ளை, புகைபோக்கியைச் சுற்றி மட்டும் பனி உருகிக் கருப்பாக ஒரு வட்டம். நேற்றைய சூடு இன்னும் போகவில்லை.

ஐலா தட்டைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுப்பில் நாலு விறகு போட்டாள். உட்கார்ந்து குளிக்கும் பலகைகளில் மேல் பலகையில் அனல் அதிகம். கீழ்ப் பலகையில் துண்டை விரித்து அதன்மேல் வைத்தாள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சால்மி தம்பதியின் கார் வந்து நின்றது. பின்னாலேயே ரெமி. வரவேற்கப் போன ஐலாவின் கண்ணில் காரின் பின்சீட்டு பட்டது. அலுமினியத் தாள் போர்த்திய ஒரு பெரிய தட்டு.

"அது என்ன?"

பெர்னிஸின் முகம் சிவந்தது. "சும்மா... ஒருவேளை... உனக்கு நேரமில்லாமப் போச்சுன்னா..."

சரி என்றால் இப்போதே எல்லாம் முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டாவது வருடமும் பெர்னிஸின் சமையலை.

"அது கார்லயே இருக்கட்டும்," என்றாள் ஐலா. "என் சாப்பாடு சவுனாவுல இருக்கு. கல்லா உறைஞ்சு போச்சு. என் தப்புதான். பத்தே முக்காலுக்குத்தான் சாப்பாடு. இருக்கிறவங்க இருங்க."

 ரெமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விடிகாலைல எனக்குக் குளிரைப் பத்திப் பாடம் எடுத்தது நீதானே தலைவி!"

"நீ போட்ட மணலைத்தான் பார்த்தேனே. கோழிக்குத் தீவனம் தூவின மாதிரி. உள்ள வா."

யாரும் போகவில்லை. சவுனாவின் முன்னறையில் காபியோடு உட்கார்ந்தார்கள். ரெய்னோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து வந்து சொன்னார்: "ஓரம் இளகிடுச்சு. நடு இன்னும் பிடிவாதமா இருக்கு. ஐலா மாதிரியே."

நடுவும் இளகியதும் தட்டு வீட்டு அடுப்புக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஏலக்காய் வாசனை சமையலறையை நிறைத்தது. சொன்ன நேரத்துக்கு ஐலா தட்டை மேசையில் வைத்தாள். மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு. ரெமி மூன்று துண்டு தின்றான். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவதாக அவன் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பெர்னிஸ் மெதுவாக மென்று, ஜாமைத் தொட்டு, மறுபடி தட்டை நீட்டினாள்.

"இந்த ரொட்டி எங்க வாங்கினே?"

"நீ குடுத்ததுதான்."

"என் நிசுவா? நான் சுடறப்போ இவ்வளவு நல்லா இருந்ததில்லையேடி."

 ஐலா நாற்காலியில் சாய்ந்து, தன் மேசையைச் சுற்றியிருந்த மூன்று முகங்களையும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மதியம் அவர்கள் கிளம்பியபோது வழியனுப்ப வெளியே வந்தாள். பெர்னிஸ் பின்சீட்டிலிருந்த தாளை விலக்கித் தன் தட்டில் விரலை வைத்தாள். பிறகு விரலை மடக்கித் தட்டினாள். கதவைத் தட்டியது போன்ற அதே சத்தம்.

"குடு இங்கே," என்று கையை நீட்டினாள் ஐலா. "சவுனா இன்னும் சூடாத்தான் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கும் இங்கேயே வந்துடுங்க."