கறுப்புக்குக் கூட்டிப் போட்ட மூணு

கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ரிப்போர்ட்டில் ஒரு எண் வரும். அது பதினைந்துக்குக் கீழே போனால் மாற்றுக் கிட்னிக்குப் பேர் பதியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பதினேழு. "இன்னும் நாள் இருக்கு, பயப்படாதீங்க" என்றார். நான் எப்போது பயப்படாமல் இருந்திருக்கிறேன்? எட்டாவதோடு நின்றவள், அந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். நாலு மாசமும் பதினேழுதான்.

போன மாசம் தென்னூரில் வழக்கமாகப் போகும் லேப் பூட்டியிருந்தது. எங்கள் வீடு இருக்கிற ஸ்ரீரங்கத்திலேயே வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தோம். பதினாலு என்று வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற உப்பு ரெண்டுலயும் ஒரே அளவுதாங்க. அதை வச்சு எண்ணைப் போடற கணக்குதான் வேற." தென்னூர் தாளின் அடியில் விரலை வைத்தார். பொடி எழுத்து இங்கிலீஷில், இனம் கறுப்பு என்று போட்டிருந்ததாம்.

"வெளிநாட்டுல கறுப்பின மக்களுக்குன்னு வச்சிருந்த பழைய கணக்கு இது. அவங்களுக்குச் சதை அதிகம், அதனாலதான் உப்பும் அதிகம்னு அவங்களா நெனச்சுக்கிட்டு எண்ணைக் கூட்டிப் போட்டாங்க. எத்தனையோ பேருக்குக் கிட்னி வரிசையில இடமே தள்ளிப் போச்சு. தப்புன்னு அங்கயே இப்ப எடுத்துட்டாங்க. இவருக்கு யாரு போட்டது? நானும் அடியில பாக்காம விட்டுட்டேன்."

யார் போட்டது என்று எனக்குத் தெரியும். முதல் தடவை போனபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "அக்கா, இதுல கறுப்பான்னு கேக்குது. அண்ணனுக்கு ஆமான்னு போட்டுக்கவா?" என்றாள். அடையாளத்துக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "பாத்தாத் தெரியலையா? தார் ரோட்டுல படுத்தா பஸ் ஏறிடும்" என்றேன். மூணு பேரும் சிரித்தோம்.

"அப்ப நாலு மாசம் முன்னாடியே பதினாலுதானா சார்?"

"ஆமாங்க."

"அப்ப அந்தத் தேதியைப் போட்டுப் பதியுங்க."

"பதியற நாள்லேருந்துதாங்க வரிசை. நடந்ததை எழுதி அனுப்பிப் பாக்கறேன். ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது."

படிவத்தில் அன்றைய தேதியை எழுதினார். இந்த நாலு மாசத்தில் எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் பதிந்திருப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"விடு," என்றார் என்னிடம். "நானும்தானே சிரிச்சேன்."