வாக்குத் தவறாதவரின் உழவு

பால்டிக் கடலோரக் கூர்லாந்தின் பிரபு வீடுகளில் மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்கு வாள். இளையவரான கோட்ஹார்ட் அந்த வாளை முதலில் சாக்சனிக்காகத் தூக்கினார், பிரஷ்யர்களிடம் பிடிபட்டார். அடுத்துப் பிரான்சுக்காகத் தூக்கி ஆஸ்திரியர்களிடம் மாட்டினார். கடைசியில், முன்பு தன்னைப் பிடித்த அதே பிரஷ்யர்களுக்காகச் சண்டை போட்டு ரஷ்யர்களிடம் சிக்கினார். தோற்கிற பக்கத்தை மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பிடிபட்ட பிரபு வாக்குக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தனக்கு ஈடான அதிகாரி ஒருவனை எதிர்ப்பக்கம் விடுவிக்கும்வரை, பிடித்தவர்களுக்கு எதிராக ஆயுதம் எடுப்பதில்லை என்பது வாக்கு. எந்த அரசும் தன் ஊர்க்காரனைத்தான் முதலில் மீட்கும். சம்பளத்துக்கு வந்த அந்நியன் கடைசி. கோட்ஹார்டுக்கு முதல் இரண்டு தடவை தாமதமாகவாவது மீட்சி வந்தது. மூன்றாவதற்காக, அக்காள் யூலியானாவின் பண்ணையில், நரைத்த தலையும் இடுப்பில் வாளுமாகக் காத்திருந்தார்.

பார்லி விதைக்க உழவு தொடங்கிய வாரம், படைக்குக் குதிரை பிடிக்க ரஷ்யர்கள் வந்தார்கள். தலைமை, சித்தப்பா மகன் ஏவால்ட். கோட்ஹார்டோடு சேர்ந்து பிடிபட்டு அதே வாக்கைக் கொடுத்தவன். இப்போது ரஷ்யரின் பச்சைக் கோட்டில் இருந்தான்.

"வாக்கு என்னடா ஆச்சு?"

"காப்பாத்திட்டுத்தாண்ணே இருக்கேன். அவங்களுக்கு எதிரா எடுக்க மாட்டேன்னுதானே சொன்னோம்? அவங்களுக்காக எடுக்கிறேன். நீயும் இந்தக் கோட்டைப் போடு. எங்க அதிகாரி வீட்டுக் குதிரையைத் தொட மாட்டோம்."

"போட்டுத் தொலையேன்டா," என்றாள் யூலியானா. "மூணு ராஜாவுக்குச் சலாம் போட்டவனுக்கு நாலாவது மட்டும் கசக்குதா?"

"ஒவ்வொரு ராஜாவும் வேலையிலிருந்து முறையா அனுப்பின பிறகுதான்கா அடுத்த இடத்துக்குப் போனேன். பிரஷ்யா இன்னும் அனுப்பலை."

"நீன்னு ஒருத்தன் இருக்கிறதாவது பிரஷ்யாவுக்கு ஞாபகம் இருக்கா?"

அந்தக் கேள்வி எழாமலிருக்கத்தான் அவர் தினமும் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உழவுக் குதிரைகள் எல்லாம் போயின. வாளின் பிடியில் கைவைத்தபடி கோட்ஹார்ட் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சவாரிக் குதிரையை மட்டும் ஏவால்ட் விட்டுவைத்தான். "வாக்குத் தவறாத மனுஷனோட குதிரை. எடுத்தா எனக்குத்தான் கேவலம்" என்று தொப்பியைக் கழற்றி வணங்கினான். நெகிழ்ந்துபோன கோட்ஹார்ட் பதிலுக்கு வணங்கினார். குதிரை பறிபோனதைக்கூட யூலியானா மன்னித்திருப்பாள், அந்த வணக்கத்தை அல்ல.

மறுநாள் அந்தச் சவாரிக் குதிரையைக் கலப்பையில் பூட்டச் சொன்னாள். பீரங்கிக்கு அஞ்சாத குதிரை கலப்பைக்கு மிரண்டு பின்னங்காலால் உதைத்தது.

"எஜமான் பிடிச்சாத்தான் நகரும் போலிருக்கு தாயே," என்றான் உழவன் யூக்கும்ஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"காதுல விழுந்துச்சாடா?" என்று தம்பியைக் கேட்டாள் யூலியானா.

கோட்ஹார்ட் கடிவாளத்தைப் பிடித்துச் சேற்றில் இறங்கினார். வேலியோரம் பண்ணையாட்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கொஞ்சம் எடப்பக்கம், எஜமான்," என்றான் பின்னால் கலப்பை பிடித்த யூக்கும்ஸ்.

கோட்ஹார்ட் இடப்பக்கம் திரும்பினார்.

ஒற்றைக் குதிரையால் பாதி வயலைக்கூட உழ முடியவில்லை. அறுவடை குறைந்தபோது, முதலில் வெட்டு விழுந்தது பண்ணையாட்களின் பங்கில். அவர்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.