போன் உரக்கச் சொன்ன முட்டை

யெண்டி ஊருக்கு வெளியே, கர்ப்பிணி வும்பினியின் வீட்டு வளவுக்குள் நுழைந்தபோதே எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அவள் மாமியார் அபிபாட்டா வாசலிலேயே வேர்க்கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் இயர்போனையோ காலையில் ஓர் ஆடு மென்று தொலைத்திருந்தது. சனியன் பிடித்த ஆடு!

கர்ப்பிணிகள் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று போனில் பதிவதுதான் என் வேலை. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் போனே எங்கள் மொழியில் கேட்கும். படத்தைத் தொட்டால் அதன் பெயரை உரக்கச் சொல்லும். இயர்போன் இருந்தவரை வும்பினியின் ரகசியம் அவள் காதோடு நின்றது. உடம்பில் ரத்தமே இல்லாமல் அவள் பெற்ற முதல் பிள்ளை, பிறந்த அன்றே செத்துப்போனது. இந்த முறை நர்ஸ் சொன்னபடி, ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து முட்டை தின்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி முட்டை தின்றால் பிள்ளை திருடனாகும் என்பது அபிபாட்டாவின் தீர்ப்பு. தெரிந்தால் தாய்வீட்டுக்குத் துரத்திவிடுவாள்.

நான் மெதுவாகச் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஏம்மா, அந்தப் பொட்டி வாய ஏன் பொத்துற? என் வீட்டுச் சோத்துல எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்றாள் அபிபாட்டா.

"இல்லம்மா... சார்ஜ் கம்மி..."

"கூட்டி வை. நானும் கேக்குறேன்."

வேறு வழியில்லை, கூட்டினேன். வும்பினி ஒவ்வொரு படமாகத் தொட்டாள். சோளக் களி, கீரைச் சாறு, கருவாடு என்று போன் சொல்லச் சொல்லக் கிழவி தலையாட்டினாள். அடுத்து முட்டைப் படம் வந்தது.

"தாண்டிப் போயிடுடி. ஒரு நாள் பொய் சொன்னா குடி ஒண்ணும் முழுகிடாது" என்று வும்பினியின் காதில் கிசுகிசுத்தேன்.

அவள் விரல் படத்தின் மேல் நின்றது. மாமியாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அழுத்திவிட்டாள், பாவி!

"முட்டை" என்றது போன்.

கடலை உடைக்கும் சத்தம் நின்றது. "என்ன சொல்லுது அது?"

"முட்டைன்னு சொல்லுது அத்தை. நான்தான் தின்னேன்." வும்பினி கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "திருடனாப் பொறந்தாலும் பொறக்கட்டும். உயிரோட பொறக்கட்டும்."

அபிபாட்டா மடியிலிருந்த கடலைத் தொலியை உதறிவிட்டு எழுந்து நேரே என்னிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று போனை மார்போடு அணைத்துக்கொண்டேன். கிட்டத்தில் பார்த்தபோதுதான் அவள் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. செத்த பிள்ளையைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தடவ வர்றப்ப அது வாயக் கட்டிக் கொண்டா. அங்க இருக்கறவளுக்குக் கேட்டுடப் போகுது."