பதினோராவது ஓட்டை

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் என் கணவரின் குடும்ப நிலத்தில் காட்டுப்பன்றி இறங்கியது. பன்றியை விரட்டத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர், யாரோ சொன்னதைக் கேட்டு முதலில் வேலூரில் ஒரு ரைபிள் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தார். லைசென்ஸ் கடைசிவரை வரவில்லை. பன்றிகள் வேர்க்கடலையைத் தின்று முடித்துவிட்டுத் தாமாகவே போய்விட்டன. கிளப் மட்டும் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் அவரோடு நானும் துணைக்குப் போவேன். வேலூருக்கு வெளியே ஒரு மலையடிவாரத்தில் கிளப்பின் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கிளப் செயலாளர், “சும்மா குந்தினு இருக்கிறதுக்கு நீங்களும் ரெண்டு ரவுண்டு சுடுங்களேன் மேடம்” என்றார். சுட்டேன். பட்டது. எனக்கே சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை சுட்டேன். அதுவும் பட்டது.

எதையும் ஒரு முறை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்குத் தெரியாது. கேஸை மூடினேனா என்று போய்ப் பார்ப்பேன். பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று மறுபடியும் போய்ப் பார்ப்பேன். வீட்டில் இதை ஒரு வியாதி போலப் பேசுவார்கள். ரேஞ்சில் நான் துப்பாக்கியைக் கீழே வைக்கும் முன் உள்ளே குண்டு இல்லை என்று மூன்று தடவை பார்ப்பதைக் கண்டு செயலாளர் மற்றவர்களைக் கூப்பிட்டு, “இந்தம்மாவைப் பார்த்துக் கத்துக்கோங்கய்யா” என்றார். என் சுபாவத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தும் அந்தச் சில நொடிகள் என் தலைக்குள் ஒன்றுமே இருக்காது. பால் பொங்குமா, பிள்ளைக்குக் காய்ச்சலா, தலைமையாசிரியை அப்படி ஏன் பார்த்தார், எதுவும் இருக்காது. அந்த நொடிகளுக்காக நான் ஸ்கூட்டரின் பின்சீட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன்.

மகள் பிறந்ததும் எல்லாம் நின்றது. அவர் ரேஞ்சுக்குப் போவார், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு சர்ச்சுக்குப் போவேன். ஒன்றரை வயதானதும் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு இரண்டு ஞாயிறு நானும் ரேஞ்சுக்குப் போய்வந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், ஓய்வு பெற்ற நர்ஸ். மூன்றாவது ஞாயிறு காலையில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“புருஷனும் பொண்டாட்டியும் ஞாயித்துக்கிழமை துப்பாக்கி சுடப் போய்ட்டாங்கன்னு நான் சபையில இன்னான்னு சொல்றது? நான் பாட்டுக் குழுவுல நிக்கணும். புள்ளய யார் பார்க்கிறது? யாராவது ஒருத்தர் போங்க. ஒருத்தர் புள்ளயோட சர்ச்சுக்கு வாங்க. யாருன்னு நீங்களே பேசிக்கோங்க.”

நாங்கள் பேசிக்கொண்டோம். கிளப்பில் வருடத்துக்கு ஒரு தடவை மூன்று துப்பாக்கிப் போட்டி நடக்கும். வெளிநாடுகளில் ஒரு துப்பாக்கியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடிச் சுடும் போட்டி உண்டு என்று செயலாளர் எங்கோ படித்திருந்தார். எங்கள் உறுப்பினர்களின் முழங்கால்களை நினைத்து, ஓடுவதை எடுத்துவிட்டு நடப்பதாக மாற்றியிருந்தார். முதலில் ஏர் பிஸ்டல், பிறகு ஏர் ரைபிள், கடைசியில் நிஜத் தோட்டா போடும் பாயிண்ட் டூ டூ ரைபிள். மூன்றிலும் பத்துப் பத்துக் குண்டு, எல்லாவற்றையும் கூட்டி மொத்தம்.

“அதுல யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை. சரிதானே?” என்றார் என் கணவர், மிகப் பெருந்தன்மையாக.

பெருந்தன்மைக்குக் காரணம் அவருடைய புதுக் கோட்டு. ரைபிள் சுடுகிறவர்கள் உடம்பு ஆடாமல் இருக்க விறைப்பான கோட்டுப் போடுவார்கள். வெளிநாட்டுக் கோட்டின் விலை எங்கள் இருவர் சம்பளத்துக்கும் எட்டாது. தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் இருந்த அவருக்கு அது தன்மானப் பிரச்சினை. “ஆம்பூர்ல இருந்துகினு வெளியூர்ல தோல் கோட்டு வாங்கினா காறித் துப்புவாங்க” என்று சொல்லி, ஷூவுக்கு அடிப்பாகம் போடுகிற எருமைத்தோலைப் பொறுக்கி எடுத்து, ஷூ கம்பெனியில் தைக்கிறவர் ஒருவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார். அதைக் கழற்றித் தரையில் வைத்தால் உள்ளே ஆள் இருப்பதுபோல் அதுவே நிற்கும். பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து அழுததால் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்தோம்.

எனக்கும் ஒன்று தைத்துத் தந்தார். பெண்ணாயிற்றே என்று மெல்லிய ஆட்டுத்தோல். வெண்ணெய் போல இருக்கும். துப்பாக்கி சுட ஒரு பிரயோசனமும் இல்லை. பிள்ளை அதைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க நான் யோசித்தேன். ஜெயித்தால் அவர் மனம் கஷ்டப்படுமா? வேண்டுமென்றே தோற்றால் அது பொய் ஆகாதா? வேண்டுமென்று தோற்க நினைத்து, தெரியாமல் ஜெயித்துவிட்டால்? ஜெபம் பண்ணலாம் என்று முழங்கால் போட்டால் அங்கேயும் சிக்கல். சர்ச்சுக்கு வராமல் இருக்க உதவி செய்யும் என்று ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது? “உமது சித்தம்போல் ஆகட்டும்” என்று முடித்துவிட்டு எழுந்தேன். பிறகு மறுபடி முழங்கால் போட்டு, “ஆனாலும் பிஸ்டல் மட்டும் கை நடுங்காமல் இருந்தால் நல்லது” என்று சேர்த்துக்கொண்டேன்.

போட்டியன்று மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தை ஒத்துக்கொண்டார். ரேஞ்சில் என் கணவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்ததும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. செயலாளர் அதன் முதுகில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

“இது கோட்டா பீரோவா?”

வாணியம்பாடியிலிருந்து வரும் தோல் வியாபாரி பாய் ஒருவர் கிளப்பில் உண்டு. சுடுவதைவிட அடுத்தவரைச் சீண்டுவதில்தான் அவருக்கு ஆர்வம். அவரும் வந்து தட்டி, “உள்ள யாருன்னா கீறீங்களா?” என்று கேட்டார்.

“பொறாமைப்படாதே பாய்” என்றார் என் கணவர். திரும்பிச் சொல்ல முடியாததால் முன்னால் இருந்த மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிஸ்டலில் எனக்குக் கை நடுங்கவில்லை. அவருக்கு நடுங்கியது. நான் கொஞ்சம் முன்னால் போனேன். உடனே ஐயோ பாவம் என்று தோன்றிவிட்டது. அந்த ஐயோ பாவத்தோடு ஏர் ரைபிளுக்கு நடந்து போனதில் அவர் என்னைத் தாண்டிவிட்டார். கோட்டு உண்மையிலேயே வேலை செய்தது. சுவரில் சாய்ந்தவர்போல அசையாமல் நின்று சுட்டார்.

“மேடம், ஜாஸ்தி யோசிக்கிறீங்க. உங்க மூஞ்சிலயே தெரியுது” என்றார் பாய்.

பாயிண்ட் டூ டூவில் சீட்டுக் குலுக்கியதில் என் கணவருக்கு மூன்றாம் இடம், எனக்கு நான்காம் இடம். பக்கத்துப் பக்கத்தில். எதிரே ஐம்பது மீட்டர் தூரத்தில் எங்கள் இரண்டு அட்டைகள். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் பத்துக் குண்டு. செயலாளர் பின்னால் உட்கார்ந்து டெலஸ்கோப்பில் ஒவ்வொரு ஓட்டையாகக் குறித்துக்கொண்டிருந்தார். ஒன்பது குண்டு முடிந்தபோது என் கணவர் மொத்தத்தில் என்னைவிட ஐந்து பாயிண்ட் முன்னால் இருந்தார். பாய் அதை எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிக் குண்டு. மூச்சை நிறுத்தினேன். விசையில் விரல் வைத்தேன். தலைக்குள் ஒன்றுமில்லாத அந்த நொடியில், எங்கிருந்தோ, பிள்ளையின் பால் பாட்டிலைக் கொதிநீரில் போட்டேனா என்று ஒரு கேள்வி வந்தது. குண்டு போய்விட்டது. இடது பக்கம் தள்ளி, ஏழில் பட்டிருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. கொஞ்ச நாள் சுட்டவர்களுக்கு இது தெரிந்துவிடும். அதே நேரத்தில் பக்கத்தில் அவருடைய துப்பாக்கியும் வெடித்தது.

“பத்து!” என்று கத்தினார் என் கணவர். “சத்தியமா பத்து!”

பிறகு டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “என் பத்தைக் காணோம்” என்றார்.

செயலாளர் நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூன்றாம் எண் அட்டையில் ஒன்பது ஓட்டைகள். நான்காம் எண்ணில், என்னுடையதில், பதினொன்று. கடைசிக் குண்டைப் போடும்போது என் கணவர் கொஞ்சம் திரும்பியிருக்கிறார். கோட்டு திரும்பியது, அதன் உள்ளே இருந்த அவரும் திரும்பினார். கோட்டு என் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டது. அதை எதிர்த்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

“உன் பத்து பொண்டாட்டி அட்டையில போயி குந்திக்கினு இருக்குது தோஸ்த்” என்று பாய் முழு ரேஞ்சுக்கும் அறிவித்தார்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “மேடம், உங்க அட்டையில புதுசா ரெண்டு விழுந்திருக்குது. ஒண்ணு பத்து, ஒண்ணு ஏழு. எது உங்களுதுன்னு தெரியலைன்னா பெரிசு உங்களுக்கு. அதான் விதி. எது உங்களுதுன்னு நிச்சயமா தெரியுமா?”

வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் நிச்சயமாகத் தெரியும் என்று நான் பதில் சொன்னதில்லை. தெரியாது சார் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என்னைத் தெரிந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னுடையதாகிவிடும். ஆனால் ஏழு என்னுடையது என்று அந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பொய் சொல்லி வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில் எனக்குக் கை ஆடாமல் நிற்குமா? என் கணவர் கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி (கோட்டில் வேறு விதமாக வைக்க முடியாது) என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன்.

“ஏழு என்னுது சார்” என்றேன். வேப்பமரம், மலை, மண்மேடு எல்லாவற்றையும் கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

“சரி, ஏழு” என்று எழுதினார் செயலாளர். “அப்பவும் நீங்கதான் ரெண்டு பாயிண்ட் ஜாஸ்தி.”

“எப்படி சார்?”

“அடுத்தவங்க அட்டையில சுட்டா சுட்டவங்களுக்கு முட்டைதானேம்மா? அவர் அஞ்சு முன்னாடி. நீங்க இப்ப ஏழு. கழிச்சுப் பாருங்க.”

கழித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

“மேடம் ஸ்கூல்ல இன்னா சப்ஜெக்ட் எடுக்கிறாங்க?” என்று பாய் கேட்டார்.

“கணக்கு” என்றார் என் கணவர். அதன் பிறகு கொஞ்ச நேரம் அங்கே யாராலும் சுட முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் விரிஞ்சிபுரம்வரை அவர் ஸ்கூட்டரை மட்டும் ஓட்டினார். பள்ளிகொண்டா தாண்டியதும், “உனக்காக விட்டுக் குடுத்தேன்னு வெச்சிக்கோயேன்” என்றார். ஆம்பூர் வருவதற்குள் அதை அவரே நம்பிவிட்டார். இரவுச் சாப்பாட்டின்போது அத்தையும் நம்பிவிட்டார். “அவன் சின்ன வயசுலருந்தே அப்படித்தான். தனக்குன்னு எதையும் வெச்சிக்க மாட்டான்.”

நான் வழக்கம்போல யோசித்தேன். ஒருவேளை உண்மையாக இருக்குமோ? படுக்கும்போதுதான் பதில் கிடைத்தது.

“என்னங்க, இன்னைக்கு அந்தக் கடைசி ரைபிள்ல உங்களுக்கு எத்தனை பத்து விழுந்தது?”

“அது ஒண்ணுதான்.”

“சொந்த அட்டையைக் குறி பார்த்து ஒரு பத்துகூட விழலை. வேணும்னே என் அட்டையில சுட்டா மட்டும் எப்படி விழும்?”

விளக்கை அணைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு நான் தனியாகப் பஸ் ஏறி ரேஞ்சுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் பிள்ளையை நினைத்துக் கலங்கினேன். எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவள் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லை. பிரசங்க நேரத்தில் அழுதால்? டவுசர் மாற்றத் தெரியுமா அவருக்கு? இரண்டு முறை பஸ்ஸை விட்டு இறங்கலாமா என்று பார்த்தேன். ரேஞ்சில் சுமாராகத்தான் சுட்டேன். ஆனால் நடுவில் ஐந்தாறு குண்டுகளுக்குத் தலை காலியாக இருந்தது. அது போதும் என்று இருந்தது.

மத்தியானம் வந்து பார்த்தால் பிள்ளை சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருந்தாள். கவுன் முன்பின்னாக இருந்தது. கையில் யாரோ கொடுத்த கேக். அவர் கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தையின் முகத்தில் ஈஸ்டர் வெளிச்சம்.

“ஒண்டியா புள்ளய மடியில வெச்சிக்கினு என்னா அழகா உட்கார்ந்திருந்தான் தெரியுமா! அவ நடுவுல எழுந்து ஓடினா. இவனும் பின்னாடியே ஓடிப் பிடிச்சினு வந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. போதகரம்மாவே வந்து, இப்படி ஒரு தகப்பனைப் பார்த்ததே இல்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

ஒன்றரை வருடம் நான் அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு முறை அவள் அழுதபோது போதகரம்மா வெளியே போகச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினார். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேக்கில் ஒட்டியிருந்த எறும்பைத் தட்டிவிட்டேன்.

“பாவம், எப்படித் தூங்குறான் பாரு” என்றார் அத்தை. “அடுத்த வாரம் நீ கூட்டினு வாம்மா. அவன் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

சரிங்க அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆறு வருடப் பழக்கம்.

“அடுத்த வாரம் பிஸ்டல் இருக்குதுங்க அத்தை.”

“அதுக்கு அடுத்த வாரம்?”

“ஏர் ரைபிள்.”

“அதுக்கு அப்புறம்?”

“பாயிண்ட் டூ டூ” என்று உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு குரல் வந்தது. “அதுக்கு அப்புறம் மறுபடியும் பிஸ்டல். விடும்மா. நானே போறேன்.”

நான் பிள்ளையின் கவுனைச் சரியாகத் திருப்பிப் போட்டேன். பொத்தான் எல்லாம் மாட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். ஒரு முறைதான்.