பள்ளத்தூரில் மூன்று புள்ளி

பள்ளத்தூரில் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். தண்ணீர் கேட்டு ஒரு செட்டியார் வீட்டு வாசலில் நிற்கிறேன். சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப்பில் வந்து இறங்கும் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரி, ஜனப்பெருக்கம் நாட்டையே விழுங்கிவிடும் என்று எனக்கு உபதேசித்துவிட்டு, செம்போடு வரும் ஆச்சியிடம் திரும்புகிறார்.

“வீட்டுல எத்தனை பேரு?”

“மூணு புள்ளி.”

“லட்சியக் குடும்பம்!” மூன்று என்று எழுதிக்கொண்டு கிளம்புகிறார். உள்ளே பிள்ளைகள் போடும் கூச்சல் அந்தப் படித்த காதில் ஏறவில்லை.

“புள்ளின்னா என்ன ஆச்சி?” என்கிறேன்.

“புருசன் பொஞ்சாதி சேந்தா ஒரு புள்ளி. கல்யாணம் ஆகாத புள்ளைகளை நாங்க எண்ணுறதில்ல. அதைத்தான கேட்டாக? தலைய எண்ணுனா பதினாலு வரும்.”

கத்தியே எடுக்காமல், ஒரு பென்சிலால் பதினோரு பேரைக் குறைத்துவிட்ட மகான், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.