வலை போட்ட நூலகம்

என் தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. ஆட்டிசம் உள்ளவன். ஒரு ஊரை உயரத்திலிருந்து இருபது நிமிடம் பார்த்தால் போதும். வீட்டுக்கு வந்து ஜன்னல் ஜன்னலாக வரைந்துவிடுவான். நான் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவன் வரைந்த தெருக்களில் நடந்து ஜன்னல்களை எண்ணியிருக்கிறேன். இதுவரை ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

புது நூலகத்தின் முன்கூடத்தில் மாட்ட ஊர்ப்படம் கேட்டார்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவன் படம் ஏறுவது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனேன். ஆறு நாளில், ஒன்பது அடி நீளத்தில் முடித்தான். எப்போதும் இடது ஓரத்தில் தொடங்குவான். வலது ஓரம் வந்ததும் பேனாவை மூடிவிடுவான். அதன்பின் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டான்.

நூலகர் படத்தைப் பார்த்தார். "எல்லாம் இருக்கும்மா. எங்க நூலகம் எங்கே?"

நாங்கள் பார்த்த அன்று பெயின்ட் வேலைக்காக அதை வலை போட்டு மூடியிருந்தார்கள். வலையின் கிழிசலைக்கூட விடாமல் வரைந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வலையை எடுத்துட்டு வரையச் சொல்லுங்க. இப்படியே மாட்ட முடியாது."

வீட்டில் கெஞ்சினேன். "அதை மட்டும் மாத்திடுடா, கண்ணா."

"வரைஞ்சாச்சு."

"உள்ளே கட்டடம் இருக்குன்னு தெரியும்ல?"

"பாக்கலை."

தலையில் அடித்துக்கொண்டேன். புதன்கிழமை கடையை அடைத்துவிட்டு மறுபடி உச்சிக்கு இழுத்துப்போனேன். வலையைக் கழற்றியிருந்தார்கள். நன்றாகப் பார்த்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! வீட்டுக்கு வந்தவன் புதுத் தாளை விரித்து, இடது ஓரத்தில் தொடங்கினான்.

"டேய், நூலகம் வலது பக்கம்டா!"

"இது வேற ஊரு, அக்கா. மொட்டை மாடியில துணி இல்லை. லாரி போயிடுச்சு."

வியாழக்கிழமை முதல் படத்தைத் தூக்கிக்கொண்டு நூலகரிடம் போய், இன்னும் ஐந்து நாள் வேண்டும் என்றேன்.

"அதுக்கு நேரமில்லைம்மா. வேற ஆளை வெச்சு அந்த மூலையை மட்டும் மாத்திக்கறோம்."

எனக்குச் சுரீர் என்றது. "வலை போட்டு மூடினது நீங்க சார், அவன் இல்லை. யாராவது கை வெச்சா இப்பவே சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்."

ஆணி அடித்து வைத்திருந்த வெற்றுச் சுவரை அவர் பார்த்தார். "அப்படியே மாட்டித் தொலைங்கப்பா" என்றார் வேலையாட்களிடம்.

விழாவுக்கு அவன் வரவில்லை. பாதி ஊரில் இருந்தான். பேனாவை மூடச் சொல்ல யாரால் முடியும்? நான் போய் படத்தின் பக்கத்திலேயே நின்றேன். வந்தவர்கள் வாய் பிளந்து பார்த்துவிட்டு, சொல்லிவைத்ததுபோல் நூலகம் எங்கே என்றார்கள். பதினேழு பேருக்கு விரல் வைத்துக் காட்டினேன்.