துண்டில் முடிந்த பதினோரு டோக்கன்கள்

சென்னை மெட்ரோவில் கவுன்ட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பயிற்சியில் தீக்குப் பாடம் உண்டு, வெள்ளத்துக்கு உண்டு. களமருதூர் கோவிந்தசாமி மாமாவுக்குக் கிடையாது.

1. சாலையில்

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். என் மகள் தேன்மொழிக்கு அன்று பதினோரு மணிக்குச் சென்னையில் நர்சிங் சேர்க்கைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. தவறினால் சீட் போய்விடும். கச்சிராயபாளையத்தில் என் அம்மா வீட்டிலிருந்து தனியாகப் பஸ் ஏறியிருந்தாள். சென்னை எல்லையில் மறியல். ஒதுக்கீட்டில் சீட் வாங்கப் போகிறவளை ஒதுக்கீடு கேட்பவர்களே நிறுத்திவிட்டார்கள். யாரை நான் திட்டுவது?

ஒன்பதரைக்கு, நான் கவுன்ட்டரில் இருந்தபோது, அவளிடமிருந்து போன் வந்தது. "எம்மா, பஸ்ஸுல வந்தவங்க கொஞ்சம் பேரு சேந்து நடந்து வந்து மெட்ரோ ஏறிட்டோம். களமருதூர் மாமா ஒருத்தர் எல்லாருக்கும் டோக்கன் எடுத்துட்டாரு."

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் டவுன் பஸ்ஸில் கூட்டமாகப் போனால் பெரியவர் ஒருவர்தான் டிக்கெட் எடுப்பார், இறங்கும்வரை அவரே வைத்திருப்பார். மற்றவர்கள் தொலைத்துவிடுவார்களாம். மாமா இங்கேயும் அதையே செய்திருக்கிறார். கேட்டில் நின்று ஒவ்வொரு டோக்கனாகக் காட்டி, ஒவ்வொரு ஆளாக உள்ளே தள்ளி, பதினோரு டோக்கனையும் துண்டில் முடிந்துகொண்டார். வெளியே போகும்போது ஆளுக்கொரு டோக்கனைப் பெட்டியில் போட்டால்தான் கேட் திறக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டவுன் பஸ்ஸில் படிக்கட்டருகே நிற்பவர், இறங்குகிறவர்களுக்கு வழிவிடக் கீழே இறங்கி ஏறுவார். நான் வேலை செய்யும் நிலையத்துக்கு முந்தைய நிலையத்தில் மாமா அதையும் செய்தார். கதவு மூடிக்கொண்டது, மாமா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். ரயிலுக்கு விசிலும் இல்லை, "ஆள் வரணும்" என்று கத்தக் கண்டக்டரும் இல்லை.

2. கேட்டில்

மணி பத்தரை. கேட்டுக்கு உள்பக்கம் பத்துப் பேர், அதில் என் மகள்.

ஸ்டேஷன் கன்ட்ரோலர் வந்தார். "டோக்கன் இல்லன்னா ஆளுக்கு ஃபைன். ரூல்."

"ஃபைனா? இன்னா சார், டிக்கெட்டு எடுத்துக்கினுதான வந்தோம்! மாமா வந்துக்கினே இருக்காரு" என்றார் சாமை மூட்டையோடு நின்ற கரியாலூர் அக்கா.

கன்ட்ரோலர் முந்தைய நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாராம்: "சார், ஒருத்தர் துண்டைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு நிக்கிறார். 'புள்ளைங்க டிக்கெட்டு, உன்கிட்டத் தர மாட்டேன்'ங்கிறார். அடுத்த வண்டியில ஏத்தி விடறேன்."

மணி பத்து முப்பத்தைந்து. சரிபார்ப்பு நடக்கும் இடத்துக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம். என் ஸ்டாஃப் பாஸை எடுத்தேன். பக்கவாட்டு கேட்டில் வைத்தேன், திறந்தது. அடுத்தவருக்கு பாஸில் திறந்துவிட்டால் வேலை போகும். தெரிந்தும் கை தயங்கவில்லை. "தேனு, வா சீக்கிரம்."

கரியாலூர் அக்கா மூட்டையை இறக்கி வைத்தார். "ஓகோ! மேடம் பொண்ணுக்கு மட்டும் தனிக் கோட்டாவா?"

மற்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கன்ட்ரோலர்கூட. தேன்மொழி சிரிக்கவில்லை. முகம் சிவந்து இரண்டடி பின்னால் போனாள். "வேணாம்மா. கேட்டை மூடு. எல்லாரோடயும் வரேன்."

மூடினேன். அந்த ஐந்து நிமிடத்தைப் போல இன்னொன்று எனக்கு வேண்டாம்.

எஸ்கலேட்டரில் முதலில் துண்டு தெரிந்தது, பிறகு மாமா. "எவனும் பயப்படாதீங்கடா, டிக்கெட்டு பத்திரமாக்கீது!" முடிச்சை அவிழ்த்தவர் முதல் டோக்கனை நீட்டினார். "பரீட்சைப் பாப்பா எங்க? நீ ஓடு கண்ணு மொதல்ல."

"பரீட்சை இல்ல மாமா, சர்ட்டிபிகேட்டு..."

"ஏதோ ஒண்ணு. ஓடு!"

இரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது உள்ளே போனாளாம். சீட் கிடைத்தது. கன்ட்ரோலர் என் பாஸைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதவில்லை. "கழுத்துலயே மாட்டிக்கோங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

3. கற்றது

இப்போது துண்டு போட்ட பெரியவர் யாராவது நிறைய டோக்கன் கேட்டால், கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள், கத்தட்டும்.

மகள் விடுதியிலிருந்து கிளம்பும்போதெல்லாம் கேட்கிறேன்: "டிக்கெட்டு யார் கையில இருக்கு?"

"என் கையிலதாம்மா" என்பாள். அப்புறம் கேட்பாள்: "உன் பாஸு?"

தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வேன். "கழுத்துலதான்டி."